பலகையும் புள்ளியும்

காஞ்சிபுரத்தினின்று உத்திரமேரூருக்குச் செல்லும் சாலையில், செய்யாற்றை அடுத்துள்ளது மாகறல் என்னும் பாடல் பெற்ற தலம். காஞ்சியைக் கடக்கும்வரை வழிநெடுகத் தோன்றுவன துணிக்கடைப் பலகைகளே. அவற்றுட் பல 'பட்டு சேலை' என்றே எழுதப்பட்டுள்ளன. 'பட்டுச் சேலை' என்பதே முறை. 'கீரை கடை' என்று எழுதுவோரும் உளர். ஓர் ஒற்றுக் குறைந்தமையால் அது கடையின் பெயராகாது, கீரையைக் கடையுமாறு நமக்கு இடும் கட்டளையாய் விடுகின்றது! இத்தகைய பிழைகளைக் கண்டு நகைத்துச் செல்லலாம், எவர்க்கும் இழப்பில்லை.

நகைக்க இயலாத பிழையும் உண்டு. மாகறலை அடுத்த ஓர் ஊரில் மருத்துவர் ஒருவரின் வாயிலில், 'நோயாளரைப் பார்க்கும் நேரம் காலை மாலை இரவு இல்லை' என்று ஒரு பலகை தொங்கியது. முதிய நெசவாளர் ஒருவர் காய்ச்சலுற்ற பேரனைத் தோளிற் சாத்திக்கொண்டு வந்தார்; எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்தார்; மூன்று பொழுதும் இல்லை எனக் கொண்டு திரும்பி நடந்தார். யான் ஓடிச்சென்று அழைத்திராவிடில் குழந்தையின் நிலை யாதாயிருக்குமோ! 'காலை, மாலை; இரவு இல்லை' என்று இரண்டு சிறு குறிகள் இட்டிருப்பின் இவ்விடர் நேர்ந்திராது.

"நம் முன்னோர் குறியிட்டா எழுதினர்?" என வினவுவாரும் உளர். இட்டிலர் என்பது மெய்யே. இதே சாலை சென்று முடியும் உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விரித்துரைக்கின்றன. அவற்றிற் காற்புள்ளி ஒன்றுமில்லை. ஆனால் அவை யாருக்காகப் பொறிக்கப்பட்டன என்பதை நோக்குதல் வேண்டும். சபையில் அமர்வோர் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டோராய், கால்வேலி நிலமுடையோராய் இருத்தலோடு, மறை கற்றுப் பிறர்க்கு ஓதுவிக்க வல்லோராயும் இருத்தல் வேண்டும் என்பது அக்கல்வெட்டு விதித்த விதி. எனவே அது கற்றோர் கற்றோர்க்கு எழுதியது. மருத்துவர் வாயிற் பலகையோ அம்முதியவர்க்கும் உரியது.

தமிழிற் புள்ளி புதிதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியமே கூறும். ஓலையில் எழுத்தாணி துளைத்துவிடுமென அஞ்சி எழுதுவோர் அதனை விடுத்தனர். எகர ஏகார வேறுபாட்டை வரிவடிவிலேயே காட்ட வழிகண்டவர் வீரமாமுனிவர் (1680–1747). வாக்கியத்தை நிறுத்திக் காட்டும் குறிகளோ அச்சுடன் மேனாட்டினின்று வந்தவை. அவற்றைத் தமிழ் உரைநடையிற் செவ்வனே கையாண்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). பார்சிவல் பாதிரியாரின் திருமறை மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அப்பெருமகனார், பின்னர் நம் சமயத்தை வன்மையாய் மறுத்தவர். ஆயினும் நிறுத்தக்குறி வகையில் அவரே நமக்கும் ஆசான்.

அப்பலகையை எழுதிய ஓவியரைத் தேடிக் கண்டேன். ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர். குறையைக் கூறியதும், தம்மிடம் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். அதில் உள்ளவாறே ஓரெழுத்தும் பிழையாமல் வரைந்திருந்தார். தாளின் அடியில் கையொப்பமும், அதன் பக்கத்தில் இரண்டு பட்டங்களும் இருந்தன; அப்பட்டங்களின் எழுத்துகளுக்கிடையே மட்டும் புள்ளிகள் ஒன்று தவறாமல் இடப்பட்டிருந்தன.