பெயரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?



வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலே வராமல் காத்திருந்த அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும். சாதிதான் காரணம் என்று மனதுக்குத் தெரியும். வெளியே சொன்னால், 'உனக்குத் தகுதி போதவில்லை, எதற்குச் சாதியை இழுக்கிறாய்?' என்று வாயை அடைத்துவிடுவார்கள். தனியொருவரால் இதை நிரூபிப்பது மிகக் கடினம். அதே படிப்பு, அதே மதிப்பெண், ஆனால் வேறு சாதிப் பெயர் கொண்ட இன்னொரு 'நான்' இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அந்த ஒப்பீட்டை உருவாக்கத்தான் சமூகவியலுக்குப் புள்ளியியல் தேவைப்படுகிறது.

சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் அதைச் செய்து காட்டினார்கள். நாளிதழ்களில் 66 வாரங்கள் வந்த தனியார் வேலை விளம்பரங்களில் 548-ஐ எடுத்துக்கொண்டு, 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எல்லாம் பட்டதாரிகளுக்கான வேலைகள். தகுதி சமமாக இருக்கும்படி எழுதிய விண்ணப்பங்களில் பெயர் மட்டும் வேறு: ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். எந்தப் பெயருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணினார்கள். முடிவு 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளிவந்தது. உயர்சாதிப் பெயரை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

இந்த 0.67 என்றால் என்ன? 'உயர்சாதியினர் 100 பேரை அழைத்தால் நம்மில் 67 பேரைத்தான் அழைக்கிறார்கள்' என்று மேடையில் சொல்லத் தோன்றும். அது தவறு. இது 'ஆட்ஸ்' எனப்படும் கணக்கு. அழைக்கப்பட்டவர் எண்ணிக்கையை அழைக்கப்படாதவர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஆட்ஸ். பாடத்துக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். உயர்சாதிப் பெயரில் 100 விண்ணப்பங்களுக்கு 20 அழைப்பு என்றால், ஆட்ஸ் 20 வகுத்தல் 80, அதாவது 0.25. அதில் 0.67 மடங்கு ஏறக்குறைய 0.17. இதை மறுபடியும் நூற்றுக்கணக்கில் மாற்றினால் தலித் பெயருக்கு 14 அழைப்புகள் வரும். 20க்கு 14 என்பது 0.7. அநீதி அநீதிதான். ஆனால் எண்ணைத் தவறாகச் சொன்னால், எதிரே இருப்பவர் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மொத்த உண்மையையும் தள்ளிவிடுவார்.

'தற்செயலாக அப்படி நடந்திருக்கலாமே' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழுந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை தலை விழுந்தால் நாணயத்தில் கோளாறு என்போம். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் அனுப்பியது இதற்காகத்தான். நியாயமான நாணயத்தில் இப்படி விழ எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவதைத்தான் பாடநூல் 'முக்கியத்துவச் சோதனை' என்கிறது.

இந்த ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிய வேண்டும். அது தேர்வின் முதல் படியை மட்டுமே அளந்தது. நேர்காணலில் என்ன நடக்கிறது, வேலையில் சேர்ந்தபின் என்ன நடக்கிறது என்று அளக்கவில்லை. பட்டம் பெறாத விவசாயக் கூலியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இன்னொரு பழக்கம் வேண்டும்: யாரோடு ஒப்பிடுகிறோம் என்று பார்ப்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கு 73.26. இடைவெளி ஏழுக்கும் குறைவு என்று தோன்றும். ஆனால் அந்த 80.09க்குள் நாமும் இருக்கிறோம். மாநில மக்களில் ஐந்தில் ஒரு பங்கு நாம். நம்மைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மற்றவர்களின் எழுத்தறிவு ஏறக்குறைய 82. இடைவெளி எட்டரையைத் தாண்டுகிறது. அரசு தந்த எண்களே இவை. வகுக்கும் இடத்தில் நாம் கவனமாக இருந்தோம், அவ்வளவுதான்.

'எங்கள் வலியை எண்ணாக்கிவிடுவீர்களா?' என்று மூத்த தோழர்கள் கேட்பதுண்டு. எங்கே எண்ண வேண்டும் என்று நமக்குக் காட்டுவதே அவர்களுடைய சாட்சியம்தான். பெயரைக் கேட்டதும் முகம் மாறுவதை அனுபவித்தவர்கள் சொல்லாவிட்டால், பெயரை மாற்றி விண்ணப்பம் அனுப்பும் யோசனை யாருக்கு வந்திருக்கும்?

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, காலனியில் எத்தனை தண்ணீர்க் குழாய் என்று எண்ணுங்கள். அதோடு நிறுத்தாமல் ஊர்த்தெருவின் குழாய்களையும் எண்ணுங்கள். இரண்டு இடத்து வீடுகளையும் எண்ணி, ஒரு குழாய்க்கு எத்தனை வீடு என்று வகுத்துப் பாருங்கள். எந்த நாள், எந்த நேரம் தண்ணீர் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மனுவோடு அந்தத் தாளையும் இணைத்துக் கொடுங்கள்.