“சிறு காயந்தான், சாமி!”

இல்லங்களைச் சந்திக்கச் செல்லுகையில், விரலில் துணி சுற்றியிருப்போரிடம் நலம் வினவினால் நமக்குக் கிடைக்கும் மறுமொழி இதுவே. மீன் முள் தைத்திருக்கும், சிராய் ஏறியிருக்கும், அல்லது நகச்சுற்றாக இருக்கும். எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிப் பார்ப்பர். அதற்கும் அடங்காவிடில், முன்பு யாருக்கோ வாங்கி மீந்த மாத்திரைகளில் இரண்டை விழுங்குவர். வலி தணிந்ததும் மறந்துவிடுவர். தீங்கு இங்கேதான் தொடங்குகிறது.

கைப்புண்களில் சீழ் உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ். நலமாய் இருப்போர் பலரின் மூக்கிலும் தோலிலும் அது குடியிருக்கிறது. பெனிசிலின் வழக்கத்திற்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அம்மருந்தைச் சிதைக்கும் ஆற்றலை அது பெற்றுவிட்டது. அதனை வெல்ல 1959இல் மெதிசிலின் உருவாக்கப்பட்டது. அதற்கும் அடங்காத கிருமிகள் 1961இலேயே இங்கிலாந்தில் கண்டறியப்பட்டன. மருத்துவமனைகளிலேயே பெரிதும் காணப்பட்ட அவ்வகை, 1990களிலிருந்து ஊர்களுக்குள்ளும் பரவலாயிற்று.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டி எச்சரித்தார். தொண்டைப் புண்ணுக்குத் தானே பெனிசிலின் வாங்கிய கணவன், கிருமி மடியப் போதாத அளவே உட்கொள்கிறான். பிழைத்த கிருமி மருந்துக்குப் பழகி மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு அளித்த பெனிசிலின் பலிக்கவில்லை, அவள் இறக்கிறாள். பொறுப்பாளி யார்? கணவனே என்றார் அவர்.

கையில் இவ்வாபத்து மிகுதி. விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் ஓடுகிறது. சீழ் அவ்வுறைக்குள் புகுந்தால் விரல் நெடுகிலும் விரைந்து பரவும். விரல் என்றைக்குமாக விறைத்துப் போகவும் கூடும். சிகாகோ அறுவை மருத்துவர் ஆலன் கானவெல் பெயரால் வழங்கும் அடையாளங்கள் நான்கு: விரல் முழுதும் வீங்குதல், சற்று மடங்கியே நிற்றல், நாண் நெடுகத் தொட்டால் வலித்தல், நிமிர்த்தினால் தாங்கொணா வலி எடுத்தல். இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சீழ் கட்டியிருப்பின் மாத்திரை மட்டும் போதாது. கீறி வெளியேற்றியாக வேண்டும். அச்சீழைச் சோதித்தால் எம்மருந்து பலிக்கும் என்பதும் தெரியவரும்.

ஆகவே அன்பர்களே, காயம் பட்டவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவித் தூய துணியால் மூடுங்கள். புண் உள்ளவரின் துண்டைப் பிறர் பயன்படுத்த விடாதீர்கள். மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த நாள்வரை உட்கொள்ளுங்கள். மீந்த மாத்திரையைப் பெட்டியில் பாதுகாப்பது சிக்கனமன்று. பிளெமிங் காட்டிய கணவனின் பிழையை நம் வீட்டில் நாமே செய்வதாகும்.