பாட்டியின் சந்தேகம் தீர்ந்த நாள்

எங்கள் வீட்டுப் பூசையறையில் முருகன் படம் இருக்கிறது. ஆண்டுதோறும் தைப்பூசத்திற்குப் பால்குடம் எடுக்கும் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் தொடக்கநிலை ஐந்தில் தொடங்கி இரண்டு ஆண்டுகள், சனிக்கிழமைதோறும் நான் ஒரு தமிழ்த் தேவாலயத்திற்குச் சென்றேன். வழிபடுவதற்கு அல்ல, கணக்குப் படிப்பதற்கு.

அப்போது அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இரவு வேலை. அம்மா பேரங்காடியில் காசாளர். எனக்குப் பின்னத்தைக் கண்டாலே பயம். துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்ட வீட்டில் வழியில்லை. தேவாலயக் கூடத்தில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள் என்று எங்கள் புளோக்கில் குடியிருந்த ஒருவர் அம்மாவிடம் கூறினார்.

பாட்டிக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். “படிப்பு மட்டும்தான். வேற ஏதாச்சும் சொல்லிக் குடுத்தா அன்னிக்கே நிறுத்திடணும்.”

வகுப்பு பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பொறியாளர் ஒருவர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலர் எனச் சபையைச் சேர்ந்த தொண்டூழியர்கள் பாடம் நடத்தினார்கள். இடைவேளையில் ரொட்டியும் மைலோவும் தருவார்கள். அதற்கான செலவு, ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையிலிருந்து வந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

மூன்று மாதம் எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு ஒருநாள் என் கணக்குப் பயிற்சி நூலுக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. புதிதாக வந்த தொண்டூழியர் ஒருவர் அதை வைத்திருந்தார். பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால், அட்டையில் இருந்த சிலுவை போதுமானதாக இருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் பாட்டி. அடுத்த சனிக்கிழமை நான் வீட்டிலேயே இருந்தேன்.

வாசலில் நின்ற ஆன்ட்டி

அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஆன்ட்டி நின்றார். என்ன நடந்தது என்று அம்மா குறுஞ்செய்தியில் தெரிவித்திருந்தார். சண்டை வரப்போகிறது என நினைத்து நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஆன்ட்டி சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. “அம்மா, படிக்கிறதுக்குத்தான் உங்க பேத்திய அனுப்புனீங்க. நாங்க குடுத்த வார்த்தையக் காப்பாத்தல. தப்பு எங்க மேலதான். மன்னிச்சிடுங்க,” என்றார். மற்றத் தொண்டூழியர்கள் அனைவரிடமும் பேசிவிட்டதாகவும், இனி இப்படி நடக்காது என்றும் கூறினார்.

பாட்டி பதில் பேசவில்லை.

கிளம்பும்போது ஆன்ட்டி ஒரு கோப்பை நீட்டினார். அந்த வாரத்துப் பயிற்சித் தாள்கள் அதில் இருந்தன. “அவ திரும்ப வர்றதும் வராததும் உங்க விருப்பம்மா. வராட்டியும் தாள் வாராவாரம் வந்துடும். பரீட்சை இருக்குல்ல?”

சொன்னபடியே அடுத்த வாரமும் தாள்கள் வந்தன. நான் செய்து கொடுத்தவை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. அதற்கு அடுத்த சனிக்கிழமை பாட்டியே என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். இரண்டு மணி நேரமும் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார்.

பிரசுரம் வைத்த அந்த அண்ணன் என்னிடமும் வந்து மன்னிப்புக் கேட்டார். பெரியவர் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல்முறை. அவர்தான் பின்னத்தை எனக்குப் புரிய வைத்தவர். ரொட்டியைக் கத்தியால் வெட்டி வெட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் பாட்டி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “அந்தப் பாதிரியாரே நின்னு எல்லாரோட கோப்பையையும் கழுவுறாருடி.”

அதன் பிறகு அவர் வகுப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. அவ்வாண்டு தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு தேவாலயக் கூடத்துக்குப் போனது. இன்றுவரை ஆண்டுதோறும் போகிறது.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கொவிட்-19 முறியடிப்புத் திட்டம் நடப்புக்கு வந்தபோது நான் உயர்நிலை நான்கில் இருந்தேன். வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய நிலை. எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே கைப்பேசிதான். தேவாலயமும் மூடப்பட்டு ஆராதனை இணையத்துக்கு மாறியிருந்தது. நான் அங்கு படிப்பதை நிறுத்தி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும், சபையினர் பழுதுபார்த்த மடிக்கணினி ஒன்றை எங்கள் வாசலில் வைத்துவிட்டுச் சென்றனர். அதில் ஒட்டியிருந்த சிறு தாளில் இருந்தது கடவுச்சொல் மட்டுமே.

ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது மாணவிகள்

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. சென்ற பருவத்தில் சிங்கப்பூர்ப் பெண்கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அப்போதுதான் சோஃபியா பிளாக்மோர் பற்றிப் படித்தேன்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மெதடிஸ்ட் சமய ஊழியரான அவர் 1887ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். தங்கள் மகள்களைப் படிக்க வைக்க விரும்பிய தமிழ் வணிகர்கள் சிலர் உதவ முன்வர, அடுத்த மாதமே ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கியது. மாணவிகள் ஒன்பது பேர். அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். அப்பள்ளி இப்போது அமைந்துள்ள சாலைக்கு பிளாக்மோர் டிரைவ் என்று பெயர். ஷார்ட் ஸ்திரீட்டில் இன்றும் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இயங்குகிறது.

1888ல் தெலுக் ஆயர் வட்டாரத்தில் பெரனாக்கான் வீடுகளுக்கு அவர் நடந்தே சென்று, பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்புமாறு கேட்டார். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று பல வீடுகளில் மறுத்தார்கள். எட்டு மாணவிகளுடன் அவர் தொடங்கிய அப்பள்ளி பின்னாளில் ஃபேர்ஃபீல்டு பள்ளியாக வளர்ந்தது.

பிளாக்மோர் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர். அவர் அதை மறைக்கவில்லை. அப்படியானால் அந்தத் தகப்பன்மார்களும் என் பாட்டியைப் போலத் தயங்கியிருப்பார்களா? படிப்பு மட்டும்தான் என்று நிபந்தனை போட்டிருப்பார்களா?

இந்தக் கேள்வியை ஆன்ட்டியிடமே கொண்டுபோனேன். “சமயத்தைப் பற்றிப் பேசுவதும் உங்கள் கடமைதானே? எங்களிடம் ஏன் பேசவில்லை?”

“யாராவது கேட்டா மணிக்கணக்கா பேசுவேன். ஆனா கணக்குப் படிக்க வந்த புள்ளகிட்ட கணக்குதான் பேசணும். இல்லன்னா அதுக்குப் பேரு உதவி இல்ல, வியாபாரம்,” என்றார். பிறகு நல்ல சமாரியன் கதையை நினைவூட்டினார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி, காயத்துக்கு மருந்திட்டு, விடுதிச் செலவையும் ஏற்றுக்கொண்ட அந்த வேற்று இனத்தான், “நீ யாரை வணங்குகிறாய்?” என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சமய நல்லிணக்கத்தைப் பாதுகாக்க நம் நாட்டில் 1990லேயே சட்டம் இயற்றப்பட்டது. அது அவசியம்தான். ஆனால், என் பாட்டியின் சந்தேகத்தைப் போக்கியது சட்டம் அல்ல. தவறு நடந்ததும் வீடு தேடி வந்து அதை ஒப்புக்கொண்ட ஒரு சபைதான். அவர்களின் விசுவாசம் எப்படிப்பட்டது என்பதை நான் அறிந்துகொண்டதும் அப்படித்தான்.

சென்ற ஆண்டிலிருந்து அதே கூடத்தில் நானும் சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லித் தருகிறேன். நெற்றியில் திருநீற்றோடுதான் செல்கிறேன். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

இரு வாரங்களுக்கு முன்பு ஒரு தாத்தா பேரனோடு வாசலில் தயங்கி நின்றார். “இங்க என்னம்மா சொல்லிக் குடுப்பீங்க?” என்று கேட்டபோது, அவர் கண் என் நெற்றியில் நின்றது.

“கணக்கு மட்டும்தான் தாத்தா. வேணும்னா நீங்களும் உள்ள வந்து உக்காருங்க.”

கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் ஒரு கோப்பை மைலோ கொண்டுபோய்க் கொடுத்தேன்.