கடையில் அரக்கு, வீட்டில் பிரவுன்... பட்டுப்புடவையின் கலர் ஏன் மாறுகிறது?

கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பமே கிளம்பிப் போகிறது. மூன்று மணி நேரம் அலசி, மலைபோலப் புடவைகளைக் குவித்து, ஒருவழியாக எல்லோரும் தலையாட்டிய ஓர் அரக்குப் பட்டுக்கு பில் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் கேள்வி கிளம்புகிறது. ‘‘ஏம்மா, இது நாம எடுத்ததுதானா? பிரவுன் மாதிரி இருக்கே!’’ மறுநாள் காலையில் வாசலில் விரித்தால் இன்னொரு சாயல் தெரிகிறது.

கடையில் புடவையை மாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் பெரும்பாலும் மாறியிருப்பது புடவை அல்ல, விளக்கு! ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு வருந்தாமல் இருக்க, பள்ளியில் படித்த ஒளிப் பாடத்தைக் கொஞ்சம் தூசு தட்டினால் போதும்.

வெள்ளைக்குள் இத்தனை கலரா?

ஒளி ஓர் அலை. குளத்தில் கல்லை எறிந்தால் அலை எழுகிறது அல்லவா? அதில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மீட்டரை 100 கோடித் துண்டுகளாக்கினால், அதில் ஒரு துண்டுதான் ஒரு நானோமீட்டர். 400 பக்கம் ஊதாவும் நீலமும், நடுவில் பச்சையும் மஞ்சளும், 700 பக்கம் சிவப்பும் இருக்கின்றன.

வெயிலில் இவை அத்தனையும் கலந்திருப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. இருட்டறைக்குள் சிறு துளை வழியாக வந்த சூரிய ஒளியை ஒரு முப்பட்டகத்தில் செலுத்தி, நிறங்களாகப் பிரித்துக் காட்டினார் ஐசக் நியூட்டன். பிரிந்த நிறங்களை மறுபடி ஒன்றுசேர்த்தபோது வெள்ளை ஒளியே திரும்பக் கிடைத்தது. நிறத்தைக் கண்ணாடி உண்டாக்கவில்லை, அது ஒளியிலேயே இருக்கிறது என்பதை 1672-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

இப்போது புடவைக்கு வருவோம். சாயம் தானாக ஒளிர்வதில்லை. மேலே விழும் ஒளியில் சில நிறங்களை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அரக்குச் சாயம் நீலத்தையும் பச்சையையும் பெருமளவு விழுங்கிவிட்டு, சிவப்பைத்தான் நம் கண்ணுக்கு அனுப்பும். விழுகிற ஒளியிலேயே சிவப்பு குறைவாக இருந்தால்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

விளக்குக்கு விளக்கு வித்தியாசம்

அந்தக் காலத்து குண்டு பல்பில் சிவப்பு தாராளம், நீலம் கம்மி. டியூப் லைட்டில் குறிப்பிட்ட சில அலைநீளங்கள் மட்டும் தூக்கலாக இருக்கும். இன்று எங்கும் இருக்கும் வெள்ளை எல்.இ.டி. வேறு ரகம். அதனுள்ளே இருப்பது நீல ஒளி தரும் ஒரு சின்ன சிப். அதன்மேல் பூசியிருக்கும் பாஸ்பர் என்ற பொருள், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. இதற்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

விலை குறைந்த வெள்ளை எல்.இ.டி.களில் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவே இருக்கும். கடையிலோ ஜரிகை பளபளக்க மஞ்சள் சாயல் ஸ்பாட் லைட் போட்டிருப்பார்கள். அங்கே கனிந்து தெரிந்த அரக்கு, வீட்டு ஹாலில் மங்கிப்போவது இதனால்தான்.

பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் இருக்கிறதா பாருங்கள். நிறங்களை ஒரு விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. அதிகபட்சம் 100. வீட்டு பல்புகளில் 80 சாதாரணம். 90-க்கு மேல் இருந்தால் புடவை, மேக்கப் பார்க்க நல்லது. பெட்டியில் இருக்கும் 2,700 கெல்வின், 6,500 கெல்வின் என்பவை வேறு கணக்கு. வெளிச்சம் மஞ்சள் சாயலா, நீலம் கலந்த வெள்ளையா என்பதை மட்டுமே அவை சொல்லும்.

மேட்ச் ஆகாத மேட்சிங் பிளவுஸ்

கடையில் புடவையோடு அச்சு அசலாகப் பொருந்திய பிளவுஸ் பிட், தெருவுக்கு வந்ததும் தனியாகத் தெரிகிறதா? இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

நம் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகைதான். எத்தனை அலைநீளங்கள் வந்தாலும், அவற்றை மூன்று சமிக்ஞைகளாகச் சுருக்கித்தான் கண் மூளைக்கு அனுப்புகிறது. அதனால் வெவ்வேறு ஒளிக் கலவைகள்கூட ஒரே நிறமாகத் தெரியலாம். பட்டில் ஏறிய சாயம் வேறு, பாலியஸ்டரில் ஏறிய சாயம் வேறு. ஒரு விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், விளக்கு மாறினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஜவுளி ஏற்றுமதியில் இது பெரிய தலைவலி. கலர் ஒத்துப்போகவில்லை என்றால் சரக்கே திரும்பிவிடும். அதனால் திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில் துணியை லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்து, பகல் ஒளிக்கு இணையான விளக்கு, கடை விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு சோதிக்கிறார்கள்.

மயில்கழுத்து ரகசியம்

திரும்பும் பக்கமெல்லாம் நிறம் மாறும் மயில்கழுத்துப் பட்டில், பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் இன்னொரு நிறம். எந்தக் கோணத்தில் எந்த நூல் அதிக ஒளியைத் திருப்புகிறதோ, அந்த நிறம் முந்திக்கொள்கிறது.

நிஜ மயிலின் கதையே வேறு. அதன் இறகில் நீலச் சாயமே கிடையாது. இருப்பது மெலனின் என்ற கருநிறப் பொருள். அது மிக நுண்ணிய கம்பிகளாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே பட்டுத் திரும்பும் ஒளி அலைகளில் சில ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில அழித்துக்கொள்கின்றன. வலுப்பெற்று வரும் அலைகள்தான் நாம் பார்க்கும் நீலமும் பச்சையும்.

போட்டோவை நம்பலாமா?

‘வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பு, பார்த்துச் சொல்றேன்’ என்று நிறத்தை முடிவு செய்வது ரிஸ்க். விளக்கின் சாயலை போன் கேமரா தானாக ஊகித்து, நிறங்களைத் திருத்திவிடும். மூளையும் இதே வேலையைச் செய்கிறது. 2015-ல் இணையத்தையே இரண்டாகப் பிரித்த அந்த கவுன் போட்டோ நினைவிருக்கிறதா? சிலருக்கு வெள்ளை-தங்கம், சிலருக்கு நீலம்-கறுப்பு. நிஜத்தில் அது நீலம்-கறுப்பு.

வயதும் ஒரு காரணம். வயது கூடக்கூட கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுக்கும். நீங்கள் நேவி புளூ என்று காட்டும் புடவையைப் பாட்டி கறுப்பு என்றால், சண்டை போடாதீர்கள். அவர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்கிறார்.

வாங்கும்போது கவனிக்க...

* பில் போடும் முன் புடவையைக் கடை வாசலுக்கோ ஜன்னலுக்கோ கொண்டுபோய்ப் பாருங்கள். தயங்காமல் கேளுங்கள்.

* நேர் வெயில் வேண்டாம், பகல் நேர நிழல் வெளிச்சம் போதும். மாலை வெயிலில் சிவப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

* பிளவுஸ் பிட்டைக் குறைந்தது இரண்டு வகை வெளிச்சத்திலாவது ஒப்பிடுங்கள்.

* கடைசியாக, புடவையை எப்போது கட்டப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். காலை முகூர்த்தம் என்றால் பகல் வெளிச்சத்தில் பிடித்ததை எடுங்கள். இரவு ரிசப்ஷன் என்றால் மண்டப விளக்குதான் முக்கியம். அதற்குக் கடை விளக்கில் பிடித்த அந்த அரக்கே பொருத்தமாக இருக்கலாம்!