இயந்திரத்தின் ஞாபகம் – 9: துடைத்த பின் எஞ்சும் ஏடுகள்

வைத்தியரிடம் சொல்லக் கூசியதை நண்பனிடமும், நண்பனிடம் சொல்லக் கூசியதைத் தெய்வத்திடமும் சொல்லி மனிதன் ஆறுதல் அடைந்த காலம் மாறி, தெய்வத்திடம் முறையிடத் துணியாததையும் தேடுபொறியின் வெற்றுக் கட்டத்தில் தட்டிக் கேட்கும் காலத்துக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம். மார்பில் தென்பட்ட சிறு கட்டி எதன் அறிகுறி, வட்டி கட்டத் தவறினால் அடகு வைத்த நகை என்னவாகும், விவாகரத்து மனுவை எந்த நீதிமன்றத்தில் கொடுப்பது என்று நள்ளிரவில் எழும் கேள்விகளில் குற்றம் யாதொன்றும் இல்லை. ஆயினும் கைபேசி மறுநாள் பிறர் கையில் சிக்குமுன் அவற்றின் சுவடே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று கேட்டவர் விரும்புவது இயல்பு. அந்த விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாக ஒவ்வொரு பிரவுசரும் ஒரு பொத்தானை வைத்திருக்கிறது. பாஸ்வேர்டுகளைப் பற்றிச் சென்ற வாரம் ஆராய்ந்த நாம், இவ்வாரம் அந்தப் பொத்தான் எதை அழிக்கிறது, எதை அழிக்காமல் விடுகிறது என்று பார்ப்போம்.

பிரவுசர் குறிப்பெழுதத் தொடங்கியது வேவு பார்க்கும் நோக்கத்தோடு அன்று. 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த மொசைக் என்னும் பிரவுசர், ஒருவர் ஏற்கெனவே சென்று வந்த இணைப்பை வேறு நிறத்தில் காட்டிற்று. படித்த பக்கத்துக்கே மீண்டும் மீண்டும் போய் அலையாதபடி செய்த அந்த ஏற்பாடு வாசகருக்கு ஓர் உபகாரமாகவே இருந்தது. ஆனால் உபகாரமாக வந்த அந்த நிறபேதமே பிற்காலத்தில் அபாயமாயிற்று. ஒரு தளம், வேறு பல தளங்களின் இணைப்புகளைத் தன் பக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாதவாறு நிரப்பி வைத்து, அவற்றில் எவை நீலமாகவும் எவை ஊதாவாகவும் தோன்றுகின்றன என்று ஒரு சிறு நிரலைக் கொண்டு சோதித்தால், வந்தவர் எந்த வங்கியின் பக்கத்துக்குப் போனார், எந்த நோயைப் பற்றிப் படித்தார் என்பதையெல்லாம் அவர் அறியாமலே அறிந்துகொள்ள முடிந்தது. 2010-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பிரசித்தி பெற்ற 50,000 தளங்களைப் பரிசோதித்தபோது, அவற்றில் 46 தளங்கள் இக்காரியத்தை மெய்யாகவே செய்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் டேவிட் பேரன் ஒரு பரிகாரத்தை முன்வைத்தார்: இணைப்பின் நிறம் என்னவென்று தளம் விசாரித்தால், வாசகர் அங்கே போயிருந்தாலும் போகாதவரைப் போலவே பிரவுசர் பதில் சொல்ல வேண்டும் என்பது அது. மனிதரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக இயந்திரத்துக்குப் பொய் சொல்லப் பழக்க நேர்ந்தது என்றால், அந்த ஞாபகம் எவ்வளவு தூரம் கட்டு மீறியிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, பொத்தானுக்கு வருவோம். கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் ஆகிய எந்தப் பிரவுசரிலும் துடைப்பதற்குரிய கட்டம் திறக்கும். கடந்த ஒரு மணி நேரத்தை மட்டும் துடைப்பதா, எல்லாக் காலத்தையும் துடைப்பதா என்று அது முதலில் கேட்கும். ஹிஸ்டரி, குக்கீ, கேஷ் ஆகியவற்றுள் எவற்றைத் துடைப்பது என்றும் கேட்கும். இவற்றுள் ஹிஸ்டரி என்பது நாம் சென்ற முகவரிகளின் பட்டியல். குக்கீ என்பது, தளம் நம்மை மறுமுறை அடையாளம் காண்பதற்காக நம் கணினியிலேயே எழுதி வைக்கும் சிறு குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோண்டுலி என்பவர் வகுத்தது. கேஷ் என்பது, பக்கம் விரைவில் திறப்பதற்காகச் சேமித்த படங்களும் கோப்புகளும். ஹிஸ்டரியை மட்டும் அழித்தவரைத் தளங்கள் முன்போலவே இனங்கண்டுகொள்ளும்; குக்கீகளையும் அழித்தவரோ பெரும்பாலான தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். ஒரேயொரு தளத்தின் சுவடுகளை மட்டும் நீக்க விரும்புவோருக்கு, அந்தத் தளத்தை அடியோடு மறந்துவிடும்படி பணிக்கும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. நாம் ஒன்றும் செய்யாவிடினும், 90 நாட்களுக்கு முற்பட்ட வரலாற்றைக் குரோம் தானாகவே கழித்துவிடுகிறது.

அழிந்தது முற்றிலும் அழிந்ததா என்பது வேறு விஷயம். இந்தப் பிரவுசர்கள் தம் குறிப்புகளை எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தில் வைக்கின்றன. அதில் ஒரு வரியை நீக்கும்போது, அந்த இடம் காலியானதாகக் குறிக்கப்படுகிறதே ஒழிய, புதிய செய்தி அதன்மேல் எழுதப்படும் வரை பழைய எழுத்துக்கள் அங்கேயே எஞ்சியிருக்கக் கூடும். உடனே மேலெழுதி அழிக்கும்படி தனியாகக் கட்டளையிட்டிருந்தால்தான் அவை அப்போதே மறையும். வீட்டிலிருப்போர் கண்ணில் அவை படமாட்டா. தடயவியல் நிபுணரின் கண்ணில் படலாம்.

இவையெல்லாம் நம் கையிலுள்ள இயந்திரத்தின் சமாசாரம். மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கியவர் தம் வீட்டுச் சிட்டையைக் கிழித்தெறிந்தாலும் கடைக்காரரின் பேரேட்டில் பற்று அழியாததைப் போல, நம் பிரவுசரின் பட்டியலை நாம் துடைத்துவிட்டாலும், கூகுள் கணக்கில் லாகின் செய்துகொண்டு தேடியவை அந்த நிறுவனத்தின் சர்வரில் நிலைத்திருக்கின்றன. அவற்றைக் காணவும் அழிக்கவும் கணக்கிலுள்ள மை ஆக்டிவிட்டி என்னும் பகுதிக்கே செல்ல வேண்டும். மூன்று மாதமோ பதினெட்டு மாதமோ கடந்தபின் அவை தாமே அழியும்படி ஏற்பாடு செய்துகொள்ளும் வசதி 2019-இல் வந்தது. 2020 ஜூன் முதல் புதிதாகக் கணக்குத் தொடங்குவோருக்குப் பதினெட்டு மாதம் என்பது இயல்பாகவே அமைந்திருக்கிறது. அதற்கு முன் தொடங்கியவர்கள் தாமே சென்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்காக்னிடோ என்னும் மறைவு முறையில் தேடினால் எந்தத் தொல்லையும் இல்லை என்று நம்புவோர் அநேகர். 2005-இல் ஆப்பிளின் சஃபாரியும் 2008-இல் குரோமும் கொண்டுவந்த இந்த முறையில், சாளரத்தை மூடியதும் அதன் சுவடுகளை நம் இயந்திரம் மறந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் மறுமுனையிலுள்ள தளத்துக்கோ, இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கோ அந்த மறதி கிடையாது. பக்கத்தின் உள்ளடக்கம் இன்று பெரும்பாலும் மறையாக்கம் பெற்றுச் செல்வதால், எந்தக் கட்டுரையைப் படித்தோம் என்பது இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது பொதுவாகத் தெரியும். இந்தியாவில் சேவை நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. இன்காக்னிடோவில் உலாவியோரைப் பற்றியும் தகவல் திரட்டியதாகக் கூகுள் மீது 2020-இல் கலிபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்கு, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் உடன்பட்ட சமரசத்தோடு 2024-இல் முடிவுக்கு வந்தது.

பேரேட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன தீங்கு என்று கேட்போருக்கு 2006-ஆம் ஆண்டு விடை தந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம், ஏறத்தாழ ஆறரை லட்சம் பேர் மூன்று மாத காலத்தில் தேடிய சுமார் இரண்டு கோடித் தேடல்களை, பெயர்களை நீக்கி எண்களை மட்டும் இட்டு, ஆராய்ச்சியாளருக்கு உதவும் என்று பகிரங்கமாக வெளியிட்டது. ஓர் எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாகப் படித்தே, நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அவற்றுக்கு உரிய மூதாட்டியின் வீட்டுவாசலில் போய் நின்றார்கள். சொந்த ஊர்ப் பெயரும், உறவினரின் குடும்பப் பெயரும், வயோதிகத்தின் உபாதைகளும் கூடிய தேடல்களுக்குப் பெயர் என்று ஒன்று தனியே தேவைப்படவில்லை. நிறுவனம் சில தினங்களுக்குள் அந்தக் கோப்பை நீக்கிற்று. தொழில்நுட்பத் தலைவர் பதவி விலகினார். ஆனால் அதற்குள் பிரதிகள் உலகெங்கும் பரவிவிட்டன. பேரேட்டின் சொந்தக்காரராலேயே அதை அழிக்க முடியாமற்போன சந்தர்ப்பம் அது.

ஆதலால், எதை அழிப்பது என்பதை விட, யார் கண்ணுக்கு மறைவாக அழிப்பது என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ அமர்ந்து எழுபவர் முதலில் லாக்அவுட் செய்து, பிறகு குக்கீ உட்பட யாவற்றையும் துடைத்துவிட்டு எழுவது, அடுத்து அமர்பவர் கண்ணிலிருந்து போதுமான காப்பு. வீட்டுக்குள்ளேயே கொடுமைக்கு ஆளாகி, 181 போன்ற உதவி எண்களைத் தேடும் ஒரு பெண், பட்டியல் முழுவதையும் துடைத்துவிட்டால் அந்த வெறுமையே சந்தேகத்துக்கு வித்தாகும். அவர் குறிப்பிட்ட வரிகளை மட்டும் நீக்குவதோ, நம்பகமான வேறொருவரின் கைபேசியில் தேடுவதோ விவேகம். நிறுவனத்தின் கண்ணுக்கு அஞ்சுபவரோ பொத்தானை நம்பாமல் கணக்கின் பதிவேட்டையே திறக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தம்மைப் பற்றிய தகவலை அழிக்கும்படி கோரும் உரிமையை 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எழுத்தில் தந்திருக்கிறது. சிட்டையைக் கிழிப்பது நம் விருப்பம். பேரேட்டைத் திருத்தச் சொல்வது நம் உரிமை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததென்று எண்ணாதிருப்பதே இந்த விஷயத்தில் நாம் பழக வேண்டிய எச்சரிக்கை.

(தொடரும்)