வண்ண ஸ்லைடுக்கு எந்தப் பிலிம்?

ஸ்ரீபெரும்புதூரையடுத்த வல்லம் வடகாலின் சிப்காட் சாலைகளை வண்ண ஸ்லைடுகளாக எடுக்க விழைந்து, காமிராவில் வெல்வியா 50 பிலிமைப் பூட்டிச் சென்றேன். 1990இல் வெளிவந்த அப்பிலிமின் பசுமைக்கு மயங்காதார் அரியர். அன்று உச்சிவேளை. சுருள் கழுவி வந்தபோது தொழிற்சாலையின் வெள்ளைச் சுவர் முற்றும் வெளுத்திருந்தது. பேருந்துக்குக் காத்திருந்த பெண்களின் முகங்களில் செம்மை ஏறியிருந்தது. வேம்பின் நிழலில் நின்றோர் இருளில் மறைந்தே போயினர்!

பிழை என் தேர்வினுடையது. நெகட்டிவாயின் அச்சிடும்போது ஓரளவு திருத்தலாம். ஸ்லைடிலோ, கழுவிய பிலிமே முடிந்த படம். ஒளி சிறிது மிகினும் வெண்மையில் விவரம் அழியும். எனவே நிழல் கறுத்தாலும் பொறுத்து, ஒளிமிக்க பகுதியைக் காத்தல் வேண்டும்.

தெருவுக்கும் மாந்தர் முகத்துக்கும் புரோவியா 100எஃப், எக்டாக்ரோம் இ100 ஆகியவையே ஏற்றவை. அவை வண்ணத்தை மிகைப்படுத்துவதில்லை, வேகமும் இருமடங்கு. எக்டாக்ரோம் இடையில் நின்று, 2018இல் மீண்டு வந்தது. 1935இல் பிறந்த கோடாக்ரோமுக்கு அப்பேறு கிட்டவில்லை. 2009இல் அதன் உற்பத்தி முடிந்தது. அதைக் கழுவிய கடைசிக் கூடமும் 2010 டிசம்பரில் அப்பணியை நிறுத்தியது. ஆதலின் பிலிம் வாங்குமுன், இ-6 முறையில் கழுவித் தருவோர் எங்குளர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெல்வியாவை நான் துறந்துவிடவில்லை. மழை ஓய்ந்த மாலையில் நெல்வயலை எடுப்பதற்கென ஒரு சுருள் வைத்திருக்கிறேன்.