கடற்கரையில் மோதிரம் நீட்டும் காதலன்: ரகசியமாக படம் எடுப்பது எப்படி?

காதலியிடம் ஒன்றும் சொல்லாமல் சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்கு கூட்டி வந்து, மண்டியிட்டு மோதிரம் நீட்டி "என்னை கட்டிக்கிறியா?" என்று கேட்கும் வாலிபர்கள், அதை படம் பிடிக்க போட்டோகிராபரையும் ரகசியமாக வரவழைக்கிறார்கள்.

இந்த கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. பின்னால் சிவந்த சூரியன் வேண்டும் என்றால் விடிவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பெண்ணுக்கு சந்தேகம் வராதா என்பது வேறு விஷயம்!

ஏ.சி. காரில் இருந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்சில் ஆவி படியும். அரை மணி நேரம் முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

போட்டோகிராபர் அலையை படம் எடுப்பதுபோல் தள்ளி நிற்பார். பையன் தொப்பியை கழற்றினால் அதுதான் சிக்னல். அவன் முதுகை காட்டாமல் பக்கவாட்டில் மண்டியிட்டால் இருவர் முகமும் விழும்.

பெண் தயங்கினால் உடனே கேமராவை இறக்கிவிட வேண்டும். படம் எடுக்கிறாங்களே என்ற கூச்சத்தில் அவள் தலையாட்டிவிடக் கூடாது.